நடுவே ஒரு வெற்றுப் பத்தி

ஒரே நிலம், ஒரே ஆண்டு, ஒரே போர். ஆனால், பள்ளிகள் இரண்டு!

முதற் பள்ளியில் ஆசிரியர் கூறுகிறார்: “1948-ஆம் ஆண்டு மே திங்கள் 14-ஆம் நாள் நமக்கென ஓர் அரசு பிறந்தது. நாடற்று, நாதியற்று, ஐரோப்பாவெங்கும் துரத்தப்பட்டு, இட்லரின் கொலைவெறிக்கு அறுபது இலட்சம் உயிரைப் பறிகொடுத்த நம் இனம், கடைசியில் ஒரு கூரையின்கீழ் வந்து சேர்ந்தது. மறுநாளே அண்டை நாட்டுப் படைகள் பாய்ந்து வந்தன. எதிர்த்து நின்றோம், வென்றோம். அதுதான் நம் விடுதலைப் போர்!” மாணவர்தம் நெஞ்சு நிமிர்கிறது.

இரண்டாவது பள்ளியில் ஆசிரியர் கூறுகிறார்: “அந்த ஆண்டில்தான் நம் சிற்றூர்கள் நானூற்றுக்கும் மேற்பட்டவை ஆளற்றுப் போயின. ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் வீடிழந்தனர், வயலிழந்தனர், ஒலிவத் தோப்பிழந்தனர். கதவைப் பூட்டிச் சாவியை மடியில் முடிந்துகொண்டு சென்றவர்களை மீண்டும் உள்ளே வர விட்டாரில்லை. அதுதான் நக்பா, பேரழிவு!” மாணவர்தம் கண் கலங்குகிறது.

இரு பள்ளிகளுக்கும் இடையே தொலைவு சில கல்தான். ஆனால், முதற் பள்ளியின் பிள்ளை இரண்டாவது பள்ளியின் பாடத்தைக் கேட்டதே இல்லை. இரண்டாவது பள்ளியின் பிள்ளைக்கு முதற் பள்ளியின் பாடம் பகைவனின் பசப்பு. இரண்டு ஆசிரியருமே பொய்யுரைத்தாரில்லை. இருவருமே முழுவதும் உரைத்தாருமில்லை. பாதியைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் பதினெட்டு வயதில் எல்லைக்கோட்டில் எதிரெதிரே நிற்கின்றனர். ஒருவன் கையில் துப்பாக்கி, மற்றவன் கையில் கல். போர் எங்கே தொடங்குகிறது என்று கேட்போர் ஆயுதக் கிடங்கைக் காட்டுவர். நாம் வகுப்பறையையும் காட்டுவோம்.

“இஸ்ரேலும் பாலஸ்தீனமும் எங்கோ இருக்க, அவற்றின் பாடநூலைப் பற்றி நமக்கென்ன கவலை?” என்று கேட்பாரும் உளர். கவலை உண்டு. 1947-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் மன்றத்தில் பாலஸ்தீனத்தைப் பிரிக்கும் தீர்மானம் வந்தபோது, 33 நாடுகள் ஆதரித்தன. 13 நாடுகள் எதிர்த்தன. 10 நாடுகள் ஒதுங்கி நின்றன. எதிர்த்தோர் வரிசையில் இந்தியாவும் இருந்தது. கையுயர்த்திய நாட்டின் மக்கள், அங்கே பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பதிலே தவறென்ன? அதற்கும் மேலாக, வரலாற்றுப் பாடம் என்பது வணங்குவதற்கா, வினவுவதற்கா என்னும் கேள்வி எந்த ஒரு நாட்டுக்கும் மட்டும் உரியதன்று.

அந்தக் கேள்விக்கு விடையாக வந்த நூலொன்றைத்தான் இங்கே ஆராய எடுத்துக்கொள்கிறோம்.

* * *

பெத்லகேமுக்கு அருகே பெய்த் ஜலா என்றோர் ஊர். அங்கே 1998-இல் ‘பிரைம்’ என்னும் பெயரில் அமைதி ஆய்வு நிறுவனம் ஒன்று தோன்றிற்று. அதன் தலைமையில் இருவர். ஒருவர் டான் பார்-ஓன், பென்-குரியன் பல்கலைக் கழகத்து உளவியல் பேராசிரியர், இஸ்ரேலியர். மற்றவர் சமி அத்வான், பெத்லகேம் பல்கலைக் கழகத்துக் கல்வியியல் பேராசிரியர், பாலஸ்தீனியர்.

பார்-ஓன் எப்படிப்பட்டவர் என்பதைச் சிறிது சொல்ல வேண்டும். இட்லரின் செருமனியினின்றும் தப்பி வந்த யூதப் பெற்றோருக்கு 1938-இல் ஹைஃபா நகரில் பிறந்தவர். அவர் பின்னாளில் செருமனிக்கே சென்றார். யாரைக் காண? யூதரைக் கொன்று குவித்த நாசிகளின் பிள்ளைகளைக் காண! ‘உன் தந்தை செய்ததைப் பற்றி உனக்கு என்ன சொல்லப்பட்டது?’ என்று அவர்களைக் கேட்டார். கேட்டதை 1989-இல் நூலாக்கினார். அடுத்துக் கொன்றவரின் பிள்ளைகளையும், பிழைத்தவரின் பிள்ளைகளையும் ஓர் அறையில் உட்காரவைத்துப் பேசச் செய்தார். சொல்லப்படாத வரலாறு பிள்ளைகளின் நெஞ்சில் எப்படிச் சீழ் பிடிக்கிறது என்பதை ஏட்டில் படித்தவரல்லர்; நேரிற் கண்டவர்.

இவ்விருவரும் வரலாற்றறிஞர் இருவரைத் துணைக்கொண்டனர்: டெல் அவிவ் பல்கலைக் கழகத்து ஏயால் நாவே, பெத்லகேம் பல்கலைக் கழகத்து அத்னான் முசல்லம். இருபுறமும் வரலாற்று ஆசிரியர் அறுவர் அறுவராகப் பன்னிருவர் சேர்ந்தனர். காலமோ இரண்டாம் இன்டிஃபாதாவின் காலம். ஒருபுறம் ஊரடங்கு, சோதனைச் சாவடி, பீரங்கி வண்டி. மறுபுறம் பேருந்தில் குண்டு, உணவு விடுதியில் குண்டு. ஒரு கூட்டத்துக்கு வந்து சேர்வதே ஒரு போராட்டம். அந்த நிலையில் உட்கார்ந்து எழுதினர் இந்தப் பள்ளி ஆசிரியர்கள்!

2003-இல் முதல் ஏடு எபிரேயத்திலும் அரபியிலும் வந்தது. மூன்று பாடங்கள்: 1917-ஆம் ஆண்டின் பால்ஃபோர் அறிக்கை, 1948-ஆம் ஆண்டுப் போர், 1987-இல் மூண்ட முதல் இன்டிஃபாதா. பின்னர் பாடங்கள் பெருகின. பிற மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. 2012-இல் ‘சைட் பை சைட்’ என்னும் பெயரில் ஆங்கிலத்தில் பெருநூலாயிற்று. பார்-ஓன் அதைக் காண இல்லை, 2008-இல் மறைந்துவிட்டார்.

அந்த முதல் ஏட்டின் அமைப்பைத்தான் நாம் கண்ணூன்றிப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு பக்கமும் மூன்று பத்தி. இடப்புறத்தில் இஸ்ரேலியர் கூறும் வரலாறு. வலப்புறத்தில் பாலஸ்தீனியர் கூறும் வரலாறு. நடுவே? நடுவே ஒன்றுமில்லை! வெறுங் கோடுகள். படிக்கும் பிள்ளை தன் கருத்தை எழுதுவதற்கு விடப்பட்ட இடம்.

பாடநூல் எழுதுவோர் எத்தனையோ பேர் உண்டு. ‘இந்த இடத்தில் நான் பேசமாட்டேன், நீ பேசு’ என்று பிள்ளையிடம் எழுதுகோலை நீட்டும் பாடநூலை நாம் அதிகம் கண்டதில்லை.

* * *

பத்திகள் இரண்டையும் அருகருகே படிக்கும்போது முதலில் புலனாவது ஒன்று: கருத்து மோதுவதற்கு முன்னரே, கதை தொடங்கும் இடமே வேறுபடுகிறது!

பால்ஃபோர் அறிக்கைப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். 1917 நவம்பர் 2-ஆம் நாள் பிரித்தானிய வெளிநாட்டமைச்சர் பால்ஃபோர், ராத்சைல்டு பிரபுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். பாலஸ்தீனத்தில் யூதர்க்கு ஒரு தேசியத் தாயகம் அமைவதைத் தம் அரசு ஆதரிக்கும் என்றார். அங்குள்ள யூதரல்லாதாரின் குடியுரிமைக்கும் சமய உரிமைக்கும் ஊறு நேரலாகாது என்றும் சேர்த்துக்கொண்டார். கடிதம் ஒன்றுதான், சொற்கள் அவையேதான். ஆனால், இடப்பத்தி பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தொடங்குகிறது. அறிவொளி இயக்கம், தேசிய உணர்ச்சி, யூத வெறுப்பு, அவற்றினின்று முளைத்த சீயோனியம் என்று நடக்கிறது. வலப்பத்தி 1799-இல், நெப்போலியன் அக்கா நகரை முற்றுகையிட்ட நாளில் தொடங்குகிறது. வல்லரசுகள் தத்தம் ஆதாயத்துக்காக அயலாரைக் கொணர்ந்து குடியேற்ற நினைத்த கதையாக நடக்கிறது. முன்னதில் யூதன் அடைக்கலம் தேடி வருகிறான். பின்னதில் ஏகாதிபத்தியத்தின் கைக்கருவியாக வருகிறான். யார் எங்கே தொடங்குகிறார் என்று பார்த்தாலே, எங்கே முடிப்பார் என்பது தெரிந்துவிடுகிறதன்றோ!

இந்த ஒன்றை மாணவன் கற்றுக்கொண்டானாயினும் போதும். இனி எந்த வரலாற்று நூலை எடுத்தாலும், ‘இவர் ஏன் இந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறார்? அதற்கு முந்திய ஆண்டில் என்ன நடந்தது?’ என்று கேட்பான். இதுதான் இந்நூலின் முதல் வெற்றி.

இரண்டாவது வெற்றி, இல்லாத ஒற்றுமையைக் காட்டாமை. இரண்டையும் குழைத்து ஒரே கதையாக்கிவிடலாமே என்று நல்லெண்ணங் கொண்டோர் சொல்லக்கூடும். பார்-ஓனும் அத்வானும் அதனை வேண்டுமென்றே தவிர்த்தனர். பிரான்சும் செருமனியும் 2006-இல் இரு நாட்டுக்கும் ஒரே வரலாற்றுப் பாடநூலைப் பிரெஞ்சிலும் செருமானியிலும் வெளியிட்டன. 2003-இல் இரு நாட்டு இளைஞர் கூடிய அவையில் எழுந்த கோரிக்கை அது. பாராட்டத்தக்க செயலே. ஆனால், அங்கே 1945-இலேயே போர் முடிந்தது, எல்லை முடிவாயிற்று, அறுபது ஆண்டு அமைதிக்குப் பின்னரே பொதுநூல் பிறந்தது. பெய்த் ஜலாவிலோ, நூல் எழுதும்போதே வெளியே வெடியோசை. புண் ஆறிய பின் தழும்பைப் பற்றி இருவர் ஒத்துப் பேசலாம். குருதி ஒழுகும்போது, ‘எங்கே வலிக்கிறது?’ என்று ஒருவரையொருவர் கேட்பதே பெரிது. அதை உணர்ந்து எழுதினார்கள்.

* * *

இனிக் குறைகளுக்கு வருவோம். பாராட்டுவதற்கு மட்டும் திறனாய்வு எழுதுவது நம் வழக்கமன்று.

முதற்குறை: ஒவ்வொரு பத்தியும் ஒரே குரலில் பேசுகிறது. இடப்பத்தி ‘யூதர்’ என்கிறது. எந்த யூதர்? போலந்திலிருந்து வந்தவரா? 1948-க்குப் பிறகு ஈராக்கிலும் யேமனிலும் மொராக்கோவிலும் வேர்விட்டு வாழ்ந்த இடத்தை விட்டு இலட்சக்கணக்கில் வந்து சேர்ந்தவரா? இஸ்ரேலின் குடிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினராகிய அரபு மக்கள் எந்தப் பத்தியில் நிற்பது? வலப்பத்தியின் ‘நாம்’ என்னும் சொல்லுக்குள் நிலக்கிழாரும் அவரிடம் உழுத குத்தகையாளரும் ஒன்றா? ஆடவரும் பெண்டிரும் ஒன்றா? இரு இனம், இரு பத்தி என்று கோடு கிழித்தவுடன், இனத்துக்குள்ளே இருக்கும் ஏற்றத்தாழ்வு கோட்டுக்கு அடியில் மறைந்துவிடுகிறது. எந்த இனமும் ஒரே வாயால் பேசுவதில்லை. பேசுவதாகச் சொல்லப்படும்போது, பேசுகிறவர் யார் என்று பார்ப்பது பகுத்தறிவாளர் கடமை.

இரண்டாங்குறை: பத்திகளின் அகலம் ஒன்று, ஆனால், பத்திக்கு உரியோரின் வலிமை ஒன்றா? 1967-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் மேற்குக் கரையும் காசாவும் இஸ்ரேலின் படையாட்சிக்கு உட்பட்டன. சோதனைச் சாவடியில் நிறுத்துகிறவனும் நிற்கிறவனும் ‘சமமான இரு தரப்பினர்’ ஆவரோ? இக்கேள்வி பாலஸ்தீனர் பலரின் கேள்வி, நேர்மையான கேள்வி. நாம் சொல்லும் விடை இது: பேசுவதற்குச் சம இடம் கொடுப்பது, வலிமையும் பழியும் சமம் என்று தீர்ப்பளிப்பதாகாது. வழக்குமன்றத்தில் மிராசுதாருக்கும் கூலியாளுக்கும் வாயெடுத்துப் பேச ஒத்த உரிமை உண்டு. அதனால் இருவர் வாழ்வும் ஒத்ததென்று ஆகிவிடுவதில்லை. ஆயினும், இந்த வேறுபாட்டை ஆசிரியர் மாணவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், பத்தியின் நேர்கோடே ஒரு பொய்யாகிவிடும்.

மூன்றாங்குறைதான் பெரிது. அதைப் பற்றிச் சிறிது விரிவாகப் பேசுவோம்.

வலப்பத்தி 1799-ஆம் ஆண்டு நெப்போலியன் யூதர்க்கு விடுத்த அழைப்போடு தொடங்குகிறது என்றோம். அப்படியோர் அழைப்பு வந்ததுண்டா? அந்நாளைய பாரிசு அரசிதழில் ஒரு சிறு செய்தி உண்டு. ஆனால், மூல அறிக்கை எவர் கைக்கும் கிட்டியதில்லை. பின்னாளில் அதன் படியென்று வெளிவந்ததையும் வரலாற்றறிஞர் பலர் ஐயுறுகின்றனர். இந்த ஐயத்தை எந்தப் பத்தியில் எழுதுவது?

மறுபுறமும் பார்ப்போம். ‘1948-இல் அரபுத் தலைவர்கள் வானொலியில் வெளியேறச் சொன்னார்கள், மக்களும் தாமாகவே வெளியேறினார்கள்’ என்பது இஸ்ரேலில் நெடுங்காலம் பள்ளிப் பிள்ளைகள் கேட்ட கதை. 1980-களில் இஸ்ரேலிய ஆவணக் காப்பகங்கள் திறந்தன. பென்னி மோரிஸ் என்னும் இஸ்ரேலிய வரலாற்றறிஞர் அவற்றைப் புரட்டி நூலெழுதினார். எல்லோரையும் வெளியேறச் சொன்ன பொதுக் கட்டளை அவர் கண்ணில் தட்டுப்படவில்லை. தட்டுப்பட்டவை பல காரணங்கள்: போரச்சம், ஊர் வீழ்ந்த செய்தி, 1948 ஏப்ரல் 9-ஆம் நாள் தேர் யாசின் சிற்றூரில் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டதால் பரவிய நடுக்கம், சில இடங்களில் ஊர்த்தலைவர்களே சொன்ன அறிவுரை, பல இடங்களில் படையினரே துரத்திய துரத்தல். அதே ஏப்ரல் 13-ஆம் நாள் ஹதாசா மருத்துவமனைக்குச் சென்ற வண்டித்தொடர் தாக்கப்பட்டு, மருத்துவரும் தாதியரும் உள்ளிட்ட 78 பேர் மாண்டதும் உண்மையே. மோரிசின் முடிவுகளை எல்லாரும் ஒப்பினாரில்லை. இன்றும் வாதம் உண்டு. ஆனால், வாதம் இப்போது ஆவணத்தின்மேல் நடக்கிறது. பாட்டி சொன்ன கதையின்மேல் நடக்கவில்லை.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? ‘உன் கதை உனக்கு, என் கதை எனக்கு’ என்று நின்றுவிடலாகாது என்பதே. நடந்தது என்ன என்பது ஒரு கேள்வி. நடந்ததற்கு என்ன பெயர் என்பது வேறொரு கேள்வி. இனிச் செய்யத்தக்கது என்ன என்பது மூன்றாவது கேள்வி. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இருவர் வேறுபடலாம். ‘விடுதலை’ என்று ஒருவரும் ‘பேரழிவு’ என்று ஒருவரும் சொல்லலாம். இரண்டு சொல்லிலும் உண்மை இருக்கலாம். ஆனால், முதற் கேள்விக்குச் சான்றே விடை. 1922-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பாலஸ்தீனத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 7,57,000. அவருள் யூதர் ஏறத்தாழ 84,000. இந்த எண் இடப்பத்திக்கு ஒன்றாகவும் வலப்பத்திக்கு ஒன்றாகவும் இருக்க முடியாது.

எல்லாக் கூற்றுக்கும் பத்தி கொடுத்துவிடவும் முடியாது. உலகம் தட்டை என்பானுக்கு ஒரு பத்தி, உருண்டை என்பானுக்கு ஒரு பத்தி என்று எவரும் பாடநூல் அச்சிடுவதில்லை. இட்லரின் கொலைக்கூடங்களே இருந்ததில்லை என்று சாதிப்பானுக்குப் பத்தி இல்லை. நக்பாவே நடக்கவில்லை என்று சாதிப்பானுக்கும் பத்தி இல்லை. ஒவ்வொரு தரப்புக்கும் பேசும் உரிமை உண்டு. வினாவினின்று தப்பும் உரிமை எந்தத் தரப்புக்கும் கிடையாது.

* * *

வாதம் செய்து வரலாறு கற்பிக்கும் முறையொன்றும் இப்போது பரவி வருகிறது. பிரித்தானியப் பள்ளிகளில் ‘பேரலல் ஹிஸ்டரீஸ்’ என்னும் அறநிறுவனம், இதே இஸ்ரேல்-பாலஸ்தீனச் சிக்கலை மாணவர்க்கு இருதரப்பு வரலாறாகக் கொடுத்து, மூல ஆவணங்களைப் படிக்கச் செய்து, இரு அணியாகப் பிரிந்து வாதிடச் செய்கிறது. அதோடு விடுவதில்லை, அணியை மாற்றிவிடுகிறது! இதுவரை இஸ்ரேலுக்காகப் பேசியவன் இனிப் பாலஸ்தீனத்துக்காகப் பேசவேண்டும். தான் தகர்த்த வாதத்தைத் தானே கட்டியெழுப்ப வேண்டும். நல்ல பயிற்சி இது. எதிரியின் வாதத்தை அவன் சொல்வதைவிடத் திறமாகச் சொல்லத் தெரியாதவன், அதை மறுக்கத் தகுதி பெற்றவனாகான்.

ஆனால், வாதமேடைக்கு ஒரு நோய் உண்டு. கைதட்டல் என்பது அந்நோயின் பெயர். எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசிவிடும் நாவன்மையைக் கண்டு, ‘உண்மையென்று ஒன்றில்லை, திறமைதான் உண்டு’ என்று மாணவன் எண்ணிவிட்டால், நாம் பண்டாரச் சாமியை விரட்டிவிட்டு வாய்ச்சொல் வித்தகனை உட்காரவைத்தவர்களாவோம். இன்னொன்று: இலண்டன் மாணவன் பக்கம் மாறிப் பேசுவது எளிது. பாட்டன் வீட்டின் சாவியைச் சுவரில் மாட்டியிருக்கும் பிள்ளையையும், பாட்டியின் கையில் முகாம் எண் பச்சை குத்தியிருக்கக் கண்ட பிள்ளையையும் மேடையேற்றி, ‘பக்கம் மாறு’ என்றால், அது கல்வியாகாது, கொடுமையாகும். பெய்த் ஜலா ஆசிரியர்கள் வாதத்தை விடுத்து, வாசிப்பையும் எழுத்தையும் தேர்ந்தது இதனாலும் சரியே. அங்கேயும், எதிர்ப்பத்தியை முதன்முறை படித்த மாணவர் பலர், ‘இது பரப்புரை’ என்றுதான் சீறினர். சீறியவன் கையில் எழுதுகோல் இருந்தது. முன்னால் வெற்றுக் கோடுகள் இருந்தன. சீற்றத்தையும் எழுதலாம். எழுதியதை மறுநாள் தானே படித்துப் பார்க்கலாம்.

தமிழுக்கு இவையெல்லாம் புதியவை அல்ல. இந்திர விழாவிற் புகார் நகரத்துப் பட்டிமண்டபத்தை மணிமேகலை காட்டுகிறது. அதே காப்பியத்தில் மணிமேகலை, வஞ்சி மாநகரில் சமயவாதிகளை ஒருவர்பின் ஒருவராகக் கேட்கிறாள், எவரையும் வாயடைக்கவில்லை. ஆனால், கேட்டதோடு நின்றாளா? காஞ்சிக்குச் சென்று அறவண அடிகளிடம் அளவை கற்கிறாள். எது சான்று, எது போலிச்சான்று, ஏது எங்கே வழுவுகிறது என்று இலக்கணம் கற்கிறாள். புத்த சமயக் காப்பியம் அது. அதன் முடிவை நாம் ஏற்க வேண்டியதில்லை. அதன் முறையைப் பாருங்கள்! எல்லாரையும் கேள், பிறகு அளவை கல், அதன்பின் முடிவு செய். கேட்டல் ஒரு பாதி. அளத்தல் மறு பாதி.

‘பிரைம்’ ஏடு முதற் பாதியைச் செம்மையாகச் செய்தது. மறு பாதியைப் பிள்ளையின் கையில் விட்டது. இடத்தைக் கொடுத்தது, அளவுகோலைக் கொடுக்கவில்லை. நடுப்பத்தியின் தலையில் நான்கு கேள்விகள் அச்சிட்டிருந்தால் போதும்: இதைச் சொன்னவர் யார்? எப்போது சொன்னார்? எதைக் கண்டு சொன்னார்? எதைச் சொல்லாமல் விட்டார்? அப்போது வெற்றுப் பத்தி, பெருமூச்சுக்கு மட்டும் இடமாகாமல் ஆராய்ச்சிக்கும் இடமாகியிருக்கும்.

* * *

குறை சொன்னோம். ஆனால், அந்த நூலுக்கு ஆட்சியாளர் செய்தது குறை கூறலன்று.

2010-ஆம் ஆண்டு, காசா எல்லையை அடுத்த ஷார் ஹநெகெவ் வட்டாரத்து உயர்நிலைப் பள்ளியில் இந்நூல் கற்பிக்கப்பட்டது. இஸ்ரேலியக் கல்வி அமைச்சகம் தலைமையாசிரியரை அழைத்து விளக்கம் கேட்டது; நூலைத் தடுத்தது. பாலஸ்தீன அதிகார அமைப்பு இதனைப் பாடநூலாக ஏற்றுவிட்டதாகச் செய்தி பரவியபோது, அவ்வமைப்பு உடனே மறுத்தது. எல்லைக்கோட்டில் ஒத்துப்போகாத இருவர், தண்ணீரில் ஒத்துப்போகாத இருவர், ஒரு பள்ளிப் புத்தகத்தை ஒதுக்குவதில் ஒத்துப்போயினர்!

இதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2007-இல் அரபு மாணவர்க்கான மூன்றாம் வகுப்புப் பாடநூலொன்றில் ‘நக்பா’ என்னும் சொல் இடம்பெற இஸ்ரேலியக் கல்வியமைச்சர் ஒருவர் இசைந்தார். 2009-இல் அடுத்து வந்தவர் அந்தச் சொல்லை நீக்கினார். 2011-இல், இஸ்ரேலின் விடுதலை நாளைத் துக்க நாளாகக் கொள்ளும் நிறுவனத்தின் அரசுப் பணத்தைக் குறைக்க இடந்தரும் சட்டமும் வந்தது. எட்டு வயதுப் பிள்ளையின் புத்தகத்தில் ஒரு சொல்! அதற்கு அஞ்சுகிறது அணியணியாய் வானூர்தி வைத்திருக்கும் அரசு!

ஏன் இந்த அச்சம்? எதிர்ப்பத்தியின்மேல் உள்ள வெறுப்பு மட்டும் காரணமன்று என்போம். எதிரியின் கூற்றை ஆட்சியாளர் எப்போதும் சிறிது எடுத்துக் காட்டவே செய்வர்; வெறுப்பை வளர்க்க அது பயன்படும். அவர்களை உறுத்துவது நடுப்பத்தி. அங்கே பிள்ளை என்ன எழுதுவான் என்று அமைச்சருக்குத் தெரியாது, தளபதிக்குத் தெரியாது, குருமாருக்கும் முல்லாக்களுக்கும் தெரியாது. வேத புராணங்களின் ஓரத்தில் வெற்றிடம் விட்டு, ‘உன் ஐயத்தை இங்கே எழுது’ என்று எந்த மடாதிபதியாவது அச்சிட்டதுண்டா? பாடநூலைப் புராணமாக்கியவர்களும் விடமாட்டார்கள்.

2023 அக்டோபர் 7-ஆம் நாள், ஹமாஸ் படையினர் காசா எல்லையைக் கடந்து தாக்கினர். இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 250 பேர் பிணையாகப் பிடித்துச் செல்லப்பட்டனர். தாக்குண்ட ஊர்களிற் பல அதே ஷார் ஹநெகெவ் வட்டாரத்தவை. அதைத் தொடர்ந்து காசாவின்மேல் இஸ்ரேல் நடத்திய போரில் பல பதினாயிரவர் மாண்டனர், குழந்தைகள் ஆயிரமாயிரம், பள்ளிகளும் பல்கலைக் கழகங்களும் இடிபாடாயின. 2010-இல் அந்த நூலைப் படிக்கத் தொடங்கிப் பாதியில் பறிகொடுத்த மாணவர்கள், அன்று முப்பது வயதை நெருங்கியிருப்பர்.

நூல் இருந்திருந்தால் இது நடந்திராது என்று நாம் சொல்லமாட்டோம். அத்துணை எளிய விடை, ஆராயாதவனின் விடை. நிலமும் நீரும் படையும் ஆட்சியும் பற்றிய சிக்கலை ஒரு பள்ளிப் புத்தகம் அவிழ்த்துவிடாது. ஆனால், ‘மறுபக்கத்தைப் படித்தால் நம் பிள்ளைகளுக்கு ஆபத்து’ என்று தடுத்தவர்களைப் பார்த்து ஒன்று கேட்கலாம்: படிக்காமல் வைத்தீர்களே, பாதுகாத்தீர்களா?

* * *

இளைஞர்களே! இந்நூலை நாம் ஆராய்ந்தது, அயலாரின் பூசலைக் கரையில் நின்று பார்த்து அறிவுரை சொல்வதற்கன்று. நாமும் ஒரு பத்தி வைத்திருக்கிறோம். வேதத்தை வினவினோம், புராணத்தை வினவினோம், மன்னர் புகழ்பாடும் வரலாற்றை வினவினோம். சரி. நம் பத்தியை வினவியிருக்கிறோமா? நமக்கு உவப்பான செய்தி வரும்போது, ‘மூலம் எங்கே?’ என்று கேட்டிருக்கிறோமா? பகைவனின் நெப்போலியன் கதையை ஐயுறுவது எளிது. நம்முடைய நெப்போலியன் கதையை ஐயுறுவதே பகுத்தறிவு.

ஒரு பயிற்சி சொல்வோம். மன்றத்துக்கோ படிப்பகத்துக்கோ அடுத்த முறை கூடும்போது, நீங்கள் கடுமையாக எதிர்க்கும் ஒரு கருத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளை மூன்றாக மடியுங்கள். ஒரு புறம் உங்கள் கூற்று. மறுபுறம் அவன் கூற்று. அதைப் படித்து, ‘ஆம், நான் சொல்வது இதுதான்’ என்று அவனே ஒப்பும்படி எழுதுங்கள். எழுத முடியவில்லையானால், அவனை இன்னும் கேட்கவில்லை என்பது பொருள். எழுதி முடித்த பின், இரண்டையும் சான்று கொண்டு அளந்து, நடுப்பத்தியை நிரப்புங்கள். நிரப்பியதை அழித்தெழுதவும் அஞ்சாதீர்கள்.

பெய்த் ஜலாவின் பன்னிரண்டு ஆசிரியர்கள், வெடியோசைக்கு நடுவே அமர்ந்து, ஒரு பக்கத்தில் சில வெறுங் கோடுகளை விட்டுவைத்தார்கள். அரசுகள் அவற்றை மூடப் பார்த்தன. அந்த ஏடு இன்னும் படிக்கக் கிடைக்கிறது. கோடுகளும் நிரம்பாமலே இருக்கின்றன.